பத்திலேயே இருக்கலாமா, பதினொண்ணுக்குப் போகலாமா? அக்கா சொல்றதைக் கேளுங்க

"அக்கா, கம்ப்யூட்டரைத் திறந்தாலே விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது. பதினொண்ணு போடச் சொல்லுது. ஆனா பதினொண்ணு நல்லாவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, என்ன பண்ணட்டும்?"

சொந்தக்காரங்க, எதிர்வீட்டுக்காரங்க, கடைக்கு வர்றவங்கன்னு இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காத ஆளே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல டிடிபி வேலை பார்க்கிறேன். எக்ஸ்பி, விஸ்டா, ஏழு, எட்டு, பத்து, பதினொண்ணு எல்லாத்துலயும் கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவை புதுசு வந்தப்பவும் "பழசே தேவலை"ங்கிற பேச்சு வந்தது. சில தடவை அது சரியான பேச்சு. பல தடவை குத்தம் வேற இடத்துல இருந்தது, திட்டு மட்டும் விண்டோஸ் வாங்கிக்கிச்சு.

அடுப்புல பாலை வச்சுட்டுப் படிக்கிறவங்களுக்காக முடிவை முதல்லயே சொல்லிடறேன். உங்க மெஷின் பதினொண்ணைத் தாங்கும்னா மாறிடுங்க. ஒரு வாரம் எரிச்சலா இருக்கும், அப்புறம் கை பழகிடும். தாங்காதுன்னா வம்படியா ஏத்தாதீங்க. அதுக்கு வேற வழி இருக்கு. எதைச் செஞ்சாலும் முதல்ல ஃபைல்களை இன்னொரு இடத்துல காப்பி எடுங்க. இனி நிதானமா இருக்கிறவங்க கூட வாங்க.

ஊர் திட்டுறதை எப்படிக் கேட்டுக்கணும்

1. விஸ்டா கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

பதினொண்ணைப் பத்தி இன்னைக்கு என்னென்ன பேசுறாங்களோ, அதுல பாதிக்கு மேல 2007-லயே பேசியாச்சு. அந்த வருஷம் ஜனவரி 30-ந் தேதி விஸ்டா கடைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்கு மேல எக்ஸ்பிதான். ஜனங்களுக்கு அது கைப்பழக்கமாவே ஆயிடுச்சு. அந்த நேரத்துல வந்த விஸ்டா ஊர்ந்து ஊர்ந்து ஓடுச்சு, பழைய பிரின்டரையும் ஸ்கேனரையும் கண்டுக்கலை, எதைத் தொட்டாலும் "அனுமதிக்கலாமா"ன்னு திரையை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு.

ஏன் ஊர்ந்ததுன்னு பாருங்க. குறைஞ்சபட்சம் 512 எம்பி ராம் இருந்தா போதும்னு அறிவிச்சிருந்தாங்க. 512-ல எக்ஸ்பி ஓடும், விஸ்டா தள்ளாடும். அதோட 'விஸ்டா கேப்பபிள்'னு ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, பளபளன்னு விளம்பரத்துல காட்டின கண்ணாடி மாதிரித் திரை வரவே முடியாத மெஷின்களையும் வித்தாங்க. அமெரிக்காவுல சியாட்டில் கோர்ட்டுல இதுக்கு வழக்கே நடந்தது. மைக்ரோசாஃப்ட்லயே பெரிய பதவியில இருந்த மைக் நாஷ் அந்த ஸ்டிக்கரை நம்பி லேப்டாப் வாங்கி, 2,100 டாலர் கொடுத்தது ஈமெயில் பார்க்க மட்டும்தான் ஆச்சுன்னு உள்ளுக்குள்ள எழுதின கடிதம் அந்த வழக்குல வெளியே வந்தது. செஞ்ச கம்பெனியில இருந்தவருக்கே அந்த கதின்னா, வாங்கின நம்ம மாதிரி ஆளுங்களை நினைச்சுப் பாருங்க. டெல் கம்பெனி 2007 ஏப்ரல்லயே, வேணும்னு கேட்கிறவங்களுக்குத் திரும்ப எக்ஸ்பி போட்டுத் தர ஆரம்பிச்சது.

அடுத்த வருஷம், 2008-ல, மைக்ரோசாஃப்ட் ஒரு சோதனை பண்ணுச்சு. விஸ்டா வேண்டவே வேண்டாம்னு சொன்னவங்களைக் கூட்டிட்டு வந்து, 'மோஹாவி'ன்னு ஒரு புது விண்டோஸ் வருது, பாருங்கன்னு காட்டினாங்க. பார்த்தவங்க நல்லா இருக்கேன்னு பாராட்டினாங்க. காட்டினது விஸ்டாவேதான். இதைச் சொல்லி "பார்த்தீங்களா, எல்லாம் வதந்தி"ன்னு கம்பெனி விளம்பரம் பண்ணுச்சு. அதையும் முழுசா நம்பிடாதீங்க. அங்க காட்டின மெஷின் நல்ல மெஷின். வந்தவங்க யாரும் வீட்டுல இருக்கிற பழைய பிரின்டரைத் தூக்கிட்டு வந்து மாட்டிப் பார்க்கலை.

2009 அக்டோபர் 22-ல ஏழு வந்தப்ப எல்லாரும் கொண்டாடினாங்க. ஆனா உள்ளுக்குள்ள விஸ்டாவோட எண் 6.0, ஏழோட எண் 6.1. ஒரே அஸ்திவாரத்துல கட்டின வீடுதான். அந்த ரெண்டே முக்கால் வருஷத்துல பிரின்டர் கம்பெனிங்க டிரைவர் எழுதி முடிச்சிருந்தாங்க, கடையில வர்ற மெஷின்ல ராம் ஏறியிருந்தது, அனுமதி கேட்கிற தொல்லையையும் குறைச்சிருந்தாங்க.

இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீட்டினேன்: ஒரு சிஸ்டத்தைத் திட்டுறாங்கன்னா, முதல்ல எந்த மெஷின்ல போட்டாங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது தமிழ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு. எக்ஸ்பியில யூனிகோட் தமிழ் ஒழுங்காத் தெரியணும்னா கன்ட்ரோல் பேனலுக்குள்ள போய் ஒரு டிக் போடணும், அப்ப விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி தொலைஞ்ச வீட்டுல தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா கட்டம் கட்டமாத்தான் வரும், இல்லைன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கும். விஸ்டாவுலதான் சிடி, டிக் எதுவும் இல்லாம தமிழ் தானாவே சரியா வந்தது. ஊரெல்லாம் திட்டின சிஸ்டம் நமக்கு அந்த நல்லதைச் செஞ்சது. எட்டையும் அப்படித்தான் திட்டினாங்க. இன்னைக்கு உங்க திரையில மெனுவெல்லாம் தமிழ்ல அழகாத் தெரியுதே, அந்த நிர்மலா எழுத்துரு எட்டோடதான் வந்தது.

2. கைப்பழக்கத்துப் புகாரையும் வேலை நிக்கிற புகாரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

எட்டு, 2012 அக்டோபர் 26-ல வந்தது. இடது மூலையில இருந்த ஸ்டார்ட் பட்டனையே எடுத்துட்டாங்க. அணைக்கிறதுக்கான வழியை ஓரத்துல ஒளிச்சு வச்சாங்க. கடைக்கு வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஆஃப் பண்ணத் தெரியாம லேப்டாப்பை அப்படியே மூடி எடுத்துட்டு வந்திருந்தார். ஆனா சிஸ்டம் வேகமாத் திறந்தது, ஹேங் ஆகலை. தொடுதிரைக்காகச் செஞ்சதை மவுஸ் பிடிக்கிறவங்க தலையில கட்டினதுதான் தப்பு. அடுத்த அக்டோபர்ல 8.1 வந்தப்ப ஸ்டார்ட் பட்டனைத் திரும்ப வச்சாங்க. ஜனங்க திட்டினது நியாயம்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

பதினொண்ணு மேல வர்ற புகார்ல பெரும்பாலானது இந்த ரகம்: ஐகான் எல்லாம் நடுவுல போயிடுச்சு, ரைட் கிளிக் பண்ணினா பாதி மெனுதான் வருது. இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிக்கலாம், கீழே சொல்லியிருக்கேன். "என் டேலி திறக்கலை, என் பிரின்டர் வேலை செய்யலை"ன்னு யாராவது சொன்னா மட்டும் உட்கார்ந்து கேளுங்க.

3. "ஒண்ணு விட்டு ஒண்ணுதான் நல்லா இருக்கும்"ங்கிற ஜோசியத்தை விட்டுடுங்க.

எக்ஸ்பி நல்லது, விஸ்டா மோசம், ஏழு நல்லது, எட்டு மோசம், பத்து நல்லது, அதனால பதினொண்ணு மோசமாத்தான் இருக்கும், பன்னெண்டு வரட்டும்னு ஒரு தம்பி என்கிட்ட விரல் விட்டு எண்ணிக் காட்டினான். பன்னெண்டு எப்ப வரும்னு வச்சு உங்க கணக்கு வழக்கை எல்லாம் அது வரைக்கும் பூட்டில்லாத வீட்டுல போட்டு வைப்பீங்களா? ரொம்ப மோசம்னு பேர் வாங்கின 2000-ஆம் வருஷத்து விண்டோஸ் எம்இ-யிலதான் 'சிஸ்டம் ரெஸ்டோர்' முதல்முதலா வந்தது. எத்தனையோ பேர் கம்ப்யூட்டரை அதை வச்சுத்தான் நான் பிழைக்க வச்சிருக்கேன்.

பத்துக்கு என்னதான் ஆச்சு

4. முடிஞ்சதுன்னா நின்னுபோயிடும்னு அர்த்தமில்லை.

2025 அக்டோபர் 14-ஓட பத்துக்கு வழக்கமா வர்ற இலவச அப்டேட் நின்னது. கம்ப்யூட்டர் நேத்து மாதிரியே இன்னைக்கும் திறக்கும். அதனாலதான் எல்லாரும் அசட்டையா இருக்காங்க. புதுசு புதுசாக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்க இனிமே ஆள் வரமாட்டாங்க, அதுதான் விஷயம்.

வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு அறிவிச்சாங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வச்சு செட்டிங்ஸை அவங்க கிளவுட்ல பேக்கப் பண்றவங்களுக்கு இலவசம், இல்லைன்னா 30 டாலர். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ற லிங்க் இருக்கும். உங்க பத்து 22எச்2 பதிப்பா இருக்கணும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்னு போனா அது தெரியும். இந்த நீட்டிப்பு யோசிச்சு முடிவெடுக்கிறதுக்குக் கொடுத்த அவகாசம். மறந்துபோறதுக்குக் கொடுத்தது இல்லை.

5. "என்கிட்ட என்ன இருக்கு திருட"ன்னு சொல்லாதீங்க.

2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா சுத்துச்சு. உங்க ஃபைலையெல்லாம் பூட்டிட்டு, பணம் கொடுத்தாத் திறக்கிறேன்னு மிரட்டும். இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே கொடுத்துட்டாங்க. பாதிக்கப்பட்டதுல பெரும்பகுதி, அந்த அப்டேட்டைப் போடாம விட்ட ஏழு மெஷின்கள். அப்டேட் வந்துக்கிட்டு இருந்த சிஸ்டத்துக்கே அந்த நிலைமை. அப்டேட்டே வராத சிஸ்டத்துல பேங்க் வேலை பார்க்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க. அந்த வைரஸ் யார் பணக்காரன்னு பார்த்துப் போகலை. எந்தக் கதவு திறந்திருக்குன்னு பார்த்துத்தான் போச்சு.

உங்க மெஷின் தாங்குமா

6. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்களே பாருங்க.

மைக்ரோசாஃப்டோட 'பிசி ஹெல்த் செக்'னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. போட்டு ஓட்டினா ஆகும் ஆகாதுன்னு காரணத்தோட சொல்லிடும். அதுக்கும் நேரமில்லையா? இன்டெல் மெஷின்னா பிராசஸர் பேரைப் பாருங்க. ஐ3, ஐ5, ஐ7-க்குப் பிறகு ஒரு நம்பர் வரும். அது 8250-ன்னு இருந்தா எட்டாம் தலைமுறை, 7200-ன்னா ஏழாம் தலைமுறை. எட்டும் அதுக்கு மேலயும் பதினொண்ணுக்கு ஆகும். ஏழும் அதுக்குக் கீழயும், ரொம்பச் சில விதிவிலக்கு தவிர, ஆகாது.

"டிபிஎம் 2.0 இல்லை"ன்னு வந்தா பயப்படாதீங்க. டிபிஎம்ங்கிறது சாவியைப் பத்திரமா வச்சுக்கிற சின்ன பெட்டகம் மாதிரி. நிறைய மெஷின்ல அது உள்ளே இருக்கும், பயாஸ்ல ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. தெரிஞ்சவங்களை விட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு போர்டு மாத்தணும்னு யாராவது சொன்னா லேப்டாப்பை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

பேப்பர்ல 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் போதும்னு போட்டிருக்கு. விஸ்டாவுக்கு 512 எம்பி போதும்னு போட்ட மாதிரிதான் இதுவும். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இல்லாம பதினொண்ணு போடாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மாட்டினா வர்ற வேகம், எந்த விண்டோஸ் மாத்தினாலும் வராது. கையில கொஞ்சம் பணம்தான் இருக்குன்னா முதல் செலவு அதுதான்.

7. குறுக்கு வழியில ஏத்தாதீங்க.

தகுதி இல்லாத மெஷின்லயும் பதினொண்ணை ஏத்திக் காட்டுற தம்பிங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. ஏறும், ஓடவும் ஓடும். ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கலை. 2024-ல வந்த 24எச்2 பதிப்பு, சில கட்டளைகள் இல்லாத ரொம்பப் பழைய பிராசஸர்ல பூட்டே ஆகலை; அதுவரைக்கும் ஓட்டிட்டு இருந்தவங்க அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. வீட்டுல விளையாடிப் பார்க்கிற மெஷின்னா செய்யுங்க. சம்பாத்தியம் ஓடுற மெஷின்ல வேண்டாம்.

8. செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போறீங்களா? திரையில பதினொண்ணு தெரியுதேன்னு ஏமாறாதீங்க. ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை மெஷின்ல எல்லாம் மேலே சொன்ன குறுக்கு வழியில ஏத்தி விற்கிறாங்க. கல்லூரிக்குப் போற பிள்ளைக்குன்னு வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டின ஒரு அம்மாவுக்கு, நம்பரைப் பார்த்ததும் என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை. பணம் எண்ணிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பிராசஸர் நம்பரை நீங்க பாருங்க. கடைக்காரர் "ஐ5 மேடம்"னு சொன்னா, "எத்தனாவது ஜெனரேஷன்?"னு கேளுங்க.

9. நூறு இருநூறுக்கு ஃபார்மட் போட்டு, கிராக் பண்ணின விண்டோஸ் ஏத்தித் தர்றதை வாங்காதீங்க. கிராக் பண்ற புரோகிராமை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லுவாங்க. திருடனுக்கு வழிவிட நாயைக் கட்டிப்போடச் சொல்ற மாதிரி அது. ஒரிஜினல் பத்து இருந்து மெஷினும் தகுதியானதுன்னா, பதினொண்ணு இலவசமாவே கிடைக்கும்போது எதுக்கு இந்த வேலை?

மாறுற அன்னைக்கு

10. காப்பி எடுக்காம கையை வைக்காதீங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல எடுங்க. பென் டிரைவ் மட்டும்னா அது தொலையும். டேலி டேட்டா ஃபோல்டர் எங்க இருக்குன்னு உங்க அக்கவுன்டன்ட்கிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க. டிடிபி காரங்க பாமினி மாதிரி தனியாப் போட்ட எழுத்துருக்களைக் காப்பி எடுக்க மறந்துடறாங்க, அப்புறம் பத்து வருஷத்துப் பத்திரிகை ஃபைல் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும்.

11. நாள் பார்த்து மாத்துங்க. மார்ச் கடைசி, ஜிஎஸ்டி தாக்கல் பண்ற வாரம், பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிற வாரம் கூடவே கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிங்க.

பத்துல இருந்து பதினொண்ணுக்குப் போன பிறகு பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள திரும்பிப் போகலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரிக்குள்ள 'கோ பேக்' இருக்கும். பழைய விண்டோஸை அதுவரைக்கும் ஒரு ஃபோல்டர்ல வச்சிருக்கும், அப்புறம் அழிச்சிடும். அந்த 10 நாள்ல பிரின்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பதினோராம் நாள் வந்து "அக்கா, ஸ்கேனர் வரலை"ன்னு சொன்னா நான் என்ன செய்ய முடியும்? இடம் போதலைன்னு அந்தப் பழைய ஃபோல்டரை அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க.

12. முதல் நாளே இதையெல்லாம் மாத்திடுங்க:

• ஐகான் இடது பக்கம் வேணும்னா டாஸ்க்பார்ல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், பிஹேவியர்ஸ், அலைன்மென்ட்ல 'லெஃப்ட்'. கை தேடுற இடத்துல பட்டன் இருந்தா பாதி எரிச்சல் போயிடும்.

• ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு ரைட் கிளிக் பண்ணுங்க, பழைய முழு மெனு வரும்.

• செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள போய் விளம்பரம், சிபாரிசு சம்பந்தமா இருக்கிற பட்டனையெல்லாம் அணைங்க. காசு கொடுத்து வாங்கின சிஸ்டத்துல விளம்பரம் காட்டுறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

• தமிழுக்குத் தனியா எதையும் டவுன்லோட் பண்ணாதீங்க. மொழி செட்டிங்ஸ்ல தமிழைச் சேர்த்தா தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கு. விண்டோஸ் கீயோட ஸ்பேஸ்பார் தட்டினா மாறும்.

• வேலை நெருக்கடியில அப்டேட்டை நிறுத்தி வைக்கணும்னா 'பாஸ்' பட்டன் இருக்கு. வாரக்கணக்குல தள்ளலாம். ஒரேயடியா அணைக்கிற வித்தை எதையும் செய்யாதீங்க.

டாஸ்க்பாரை மேலயோ பக்கவாட்டுலயோ வச்சுப் பழகினவங்க ஒரு குறையைச் சொல்றாங்க, அது உண்மையான குறை. 2021 அக்டோபர் 5-ல பதினொண்ணு வந்தப்ப அந்த வசதியை எடுத்துட்டுத்தான் கொடுத்தாங்க. இருந்ததைப் பிடுங்கினா கோபம் வரத்தான் செய்யும். எட்டுல ஸ்டார்ட் பட்டனைப் பிடுங்கினப்ப கத்துக்கிட்டிருக்க வேண்டிய பாடம் அது.

13. "அனுமதிக்கலாமா"ன்னு திரை வந்தா, படிக்காம 'யெஸ்' தட்டாதீங்க. விஸ்டாவுல ஜனங்க அதிகமாத் திட்டினது இந்தத் திரையைத்தான். ஆனா அது வந்ததுக்குக் காரணம் இருந்தது: எக்ஸ்பியில எல்லாருமே வீட்டுச் சாவி மொத்தத்தையும் இடுப்புல செருகிட்டு உலாத்தினாங்க, உள்ளே வந்த வைரஸுக்கும் அதே சாவிதான். இன்னைக்குப் பதினொண்ணுலயும் அந்தத் திரை இருக்கு. நீங்களா எதையும் இன்ஸ்டால் பண்ணாதப்ப அது வந்ததுன்னா 'நோ'தான் பதில்.

மெஷின் தாங்கலைன்னா

14. தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க.

இலவசம். பாதுகாப்பு அப்டேட் வரும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்புக்குக்கூட ஆகும். ஒல்லியான மெஷின்னா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்க. இடது மூலையில மெனு, கீழே பட்டைன்னு அமைப்பு கிட்டத்தட்ட ஏழு மாதிரியே இருக்கிறதால பெரியவங்க சீக்கிரம் பழகிக்கிறாங்க. பென் டிரைவ்ல போட்டு, உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர் எல்லாம் வருதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பக்கத்துல கேரளத்துல அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க பல வருஷமா லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிக்கிறாங்க. பிள்ளைங்களால முடியுது, உங்களால முடியாதா?

பிரவுசர், யூடியூப், கடிதம் அடிக்கிறது, பிள்ளைங்க புராஜெக்ட் இதுக்கெல்லாம் மின்ட் தாராளம். டேலி, பேஜ்மேக்கர், டிஜிட்டல் கையெழுத்து வச்சுத் தாக்கல் பண்ற வேலை இருந்தா மட்டும் அவசரப்படாதீங்க, அதெல்லாம் விண்டோஸைச் சுத்தியே கட்டினது. நெட்டையே பிடுங்கிட்டு, பழைய ஃபைலைத் திறக்கவும் பிரின்ட் எடுக்கவும் மட்டும் பத்தை வச்சுக்கிறது ஒரு வழி. என் கடையில மூலையில இருக்கிற ஒரு மெஷின் அப்படித்தான் ஓடுது.

கடைசியா, கட்டாயமா

15. 48 இலக்க எண்ணை இன்னைக்கே எழுதி வைங்க.

மேல சொன்ன எதையும் செய்யாட்டியும் பரவாயில்லை, இதைச் செஞ்சே ஆகணும். பதினொண்ணுல, அதுவும் புது லேப்டாப்ல, உங்க டிஸ்க் முழுக்க நீங்க கேட்காமலே பூட்டப்பட்டிருக்கலாம். திருடன் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனாலும் உள்ளே இருக்கிறதைப் படிக்க முடியாது, அதுக்காகச் செஞ்ச நல்ல ஏற்பாடுதான். ஆனா போர்டு மாத்தினாலோ பயாஸ்ல எதையாவது மாத்தினாலோ, ஒருநாள் நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லைன்னா உள்ளே இருக்கிறது உங்களுக்கும் கிடையாது. கம்பெனிக்காரங்களாலயும் திறக்க முடியாது.

என் சித்தி பொண்ணுக்கு இதுதான் நடந்தது. லேப்டாப் வாங்கின கடையில இருந்த பையன், நேரமாகுதுன்னு ஏதோ ஒரு ஈமெயில் போட்டுக் கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்திருக்கான். ரெண்டு வருஷம் கழிச்சு போர்டு போச்சு, மாத்தினாங்க, திரையில 48 எண்ணைக் கேட்டுச்சு. அந்தச் சாவி அந்த ஈமெயில் கணக்குல இருக்கு. அந்த ஈமெயில் யாருக்கும் ஞாபகமில்லை, அந்தப் பையனும் கடையை விட்டுப் போயிட்டான். அவ குழந்தையோட முதல் ஒரு வருஷத்துப் போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்தது. இன்னைக்கு வரைக்கும் திறக்கலை.

அதனால ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்ச கையோட லேப்டாப்பைத் திறங்க. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுல 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா, உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள்ள போய் உங்க கம்ப்யூட்டர் பேருக்கு நேரா இருக்கிற ரெகவரி கீயை எடுங்க. அந்தக் கணக்கு உங்க சொந்த ஈமெயில்தானான்னு அப்பவே பார்த்துக்கோங்க. போன்ல போட்டோ எடுத்தா போதும்னு விட்டுடாம பேப்பர்ல எழுதி, ரேஷன் கார்டும் கேஸ் புக்கும் வச்சிருக்கிற கவருக்குள்ள போடுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை எண்ணைச் சரிபார்த்து எழுதுங்க, கண்ணு.